அந்தோனி டிராலப்

உத்தியோகத்தில் அமர்ந்த நம்மவருட் பலர், நூலெழுத ஓய்வுமில்லை, அமைதியான இடமுமில்லை என்று வருந்துவதை நாம் கேட்டிருக்கின்றோம். அன்னார் பொருட்டு அந்தோனி டிராலப் என்னும் ஆங்கில நாவலாசிரியரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1815-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் கடன்பட்டு நொடிந்தமையால், இளமையில் வறுமையும் பள்ளியில் ஏளனமும் இவருக்கு உரியவாயின. 1834-இல் தபால் இலாகாவிற் குமாஸ்தாவானார். 1841-இல் அயர்லாந்து சென்றார். 1847-இல் வெளிவந்த முதல் நாவல் விலைபோகவில்லை. ஆயினும் இவர் மனந்தளர்ந்திலர்.

அலுவலின் பொருட்டு ஓயாது பிரயாணஞ் செய்யவேண்டியிருந்தமையால், புகைவண்டியையே எழுதுமிடமாக்கிக்கொண்டார். மடிமீது சிறுபலகை வைத்துப் பென்சிலால் எழுதுவார். மனைவியார் அதனைப் பின்னர்ப் படியெடுப்பார். வீட்டிலோ, காலை 5.30 மணிக்கே மேசைமுன் அமர்வார். தம்மை எழுப்புதற்கென்று முதிய குதிரைக்காரர் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 பவுன் மிகுதியாகக் கொடுத்துவந்தார். முதலில் அரைமணி நேரம் முன்னாள் எழுதியதைப் படிப்பார். பின்பு கடிகாரத்தை எதிரே வைத்துக் கால்மணிக்கு 250 சொற்களாக எழுதுவார். காலையுணவுக்கு முன்னரே அந்நாளின் எழுத்துவேலை முடிந்துவிடும். இங்ஙனம் எழுதிப் புகழ்பெற்ற பின்னரும், 1867 வரை உத்தியோகத்தை விட்டிலர்.

47 நாவல்களை இயற்றி, 1882-இல் இவர் காலஞ்சென்றார். மறுவருடம் வெளிவந்த சுயசரிதத்தில் இம்முறையைக் கண்டோர் சிலர், இது கலையன்று, கைத்தொழில் என்று இகழ்ந்தனர். எனினும் அந்நாவல்கள் இன்றும் படிக்கப்பெறுகின்றன.

பகலெல்லாம் பிள்ளைகளின் ஓசையிடையே வாழும் நாமும் இவரிடத்துக் கற்கவேண்டியது உண்டு. தனியறை இல்லாதார்க்கும் விடியற்காலம் உண்டு. அதன் விலை சிறிது உறக்கமே. நம் சங்கத்து இளைஞர் இதனை உளங்கொள்வாராக.