சலுகையா, கடமையா?

ஏழைக் குழந்தையின் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு? பெற்றோர் மட்டும்தானா, அரசுக்கும் அதில் பங்குண்டா? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் மார்கரெட் மக்மில்லன். பிரிட்டனில் மழலையர் பள்ளிகளுக்கு வித்திட்டவர் என்றே அவரை உலகம் போற்றுகிறது. சட்டத்தில் இடம்பெறும் ஒரு சொல் குழந்தைகளின் வாழ்வை எவ்வாறு மாற்றிவிடும் என்பதற்கும் அவரது வாழ்க்கையே சான்று என்பேன்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பெற்றோருக்கு 1860-இல் நியூயார்க் மாகாணத்தில் பிறந்தார் மார்கரெட். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். தாய் தன் மகள்களுடன் இன்வர்னஸ் நகருக்குத் திரும்பினார். நோயால் செவித்திறனை இழந்திருந்த மார்கரெட்டுக்குப் பதினான்காவது வயதில்தான் அது மீண்டது. பின்னாளில் அவரும் அக்காள் ரேச்சலும் சோஷலிசக் கொள்கையால் ஈர்க்கப்பட்டனர்.

கம்பளி ஆலைகள் நிறைந்த பிராட்ஃபோர்டு நகரின் பள்ளி வாரியத்துக்கு 1894-இல் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். பசியோடும் அழுக்கோடும் வரும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பயனில்லை என்பதை உணர்ந்தார். அவரது முயற்சியால் 1897-இல் அங்குள்ள பள்ளி ஒன்றில் குளியலறைகள் அமைந்தன. டாக்டர் ஜேம்ஸ் கெர் துணையுடன் மாணவர்களுக்கு மருத்துவப் பரிசோதனையும் நடைபெற்றது.

பள்ளி வாரியங்கள் 1902-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பிறகு, லண்டனிலிருந்து போராட்டத்தைத் தொடர்ந்தார். அவரைப் போன்றோரின் வலியுறுத்தலால் 1906-இல் பள்ளி உணவுச் சட்டமும், 1907-இல் மருத்துவப் பரிசோதனைக்கான சட்டமும் வந்தன. ஆனால், உள்ளாட்சி அமைப்புகள் விரும்பினால் உணவு வழங்கலாம் என்றது முதல் சட்டம். பரிசோதனை கட்டாயம், சிகிச்சை விருப்பம் என்றது அடுத்தது. சொத்தைப் பல்லும் தோல் புண்ணும் பதிவேட்டில் ஏறின. அவற்றைக் குணப்படுத்தும் பொறுப்பு யாருக்கும் இல்லை.

அந்தக் குறையை நீக்க, சகோதரிகள் 1908-இல் போ பகுதியிலும் 1910-இல் டெப்ட்ஃபோர்டிலும் பள்ளிச் சிறார் மருத்துவமனை தொடங்கினர். குணமடைந்த குழந்தைகள் சில வாரங்களில் அதே நோயுடன் திரும்பினர். காற்றும் வெளிச்சமும் இல்லாத குடியிருப்புகளே நோயின் ஊற்றுக்கண். ஐந்து வயதில் பள்ளிக்கு வரும்வரை காத்திருப்பது காலந்தாழ்த்துவதாகும் என்ற முடிவுக்கு மார்கரெட் வந்தார். 1914-இல் டெப்ட்ஃபோர்டில் திறந்தவெளி மழலையர் பள்ளி பிறந்தது. அங்கு குளியலும் சத்தான உணவும் பகலுறக்கமும் தோட்டமுமே முதற்பாடங்கள். தாய்மாரையும் அவர் அரவணைத்துக்கொண்டார்.

1917-இல் ரேச்சல் மறைந்தார். மறு ஆண்டு வந்த கல்விச் சட்டம் மழலையர் பள்ளிகளுக்கு அரசு நிதியுதவி பெற வழிவகுத்தது. அதுவும் அமைக்கலாம் என்றுதான் கூறியது. அமைக்க வேண்டும் என்று கூறவில்லை. போருக்குப் பிந்தைய சிக்கன நடவடிக்கைகளில் அந்தப் பள்ளிகளின் வளர்ச்சி முடங்கியது. 1931-இல் மார்கரெட் மறைந்தபோது, டெப்ட்ஃபோர்டு பள்ளியைப் போன்றவை நாட்டில் மிகச் சிலவே இருந்தன.

வறிய குடும்பங்களின் இளம் குழந்தைகளுக்காக 1999 முதல் பிரிட்டன் அமைத்த ஷ்யூர் ஸ்டார்ட் மையங்கள், 2010-இல் 3,500-ஐத் தாண்டின. மருத்துவம், விளையாட்டு, பெற்றோருக்கான ஆலோசனை அனைத்தும் ஓரிடத்தில் கிடைத்தன. அவற்றுக்கென ஒதுக்கப்பட்ட நிதிக்கு இருந்த பாதுகாப்பு 2011-இல் நீங்கியது. அதன்பின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் மூடப்பட்டன. அந்த மையங்களுக்கு அருகில் வளர்ந்த குழந்தைகள் பின்னாளில் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது குறைந்ததாக ஆய்வுகள் காட்டியது, அவை மூடப்பட்ட பிறகுதான்.

சிக்கனம் என்ற பேச்சு எழுந்தவுடன் முதலில் வெட்டுப்படுவது, குரலற்றவர்களுக்கான செலவே. வாக்குரிமை இல்லாத மூன்று வயதுக் குழந்தை கோட்டையை முற்றுகையிடாது. ஆகவே, ஆட்சியாளர்களின் கருணையை நம்பி அக்குழந்தையை விட்டுவிடக் கூடாது. சலுகையாகத் தரப்படுவது எளிதில் பறிக்கப்படும். சட்டம் கடமையாக்கியதைப் பறிக்க வேண்டுமானால், அவையில் எழுந்து நின்று காரணம் கூறியாக வேண்டும்.