லைம் ரீஜிஸ் நகரத்து மேரி ஆன்னிங் அம்மையார்

ஆங்கில நாட்டின் தென்கரையிலே, டார்ஸெட் கோட்டத்தின் மேற்கெல்லையில், லைம் ரீஜிஸ் என்னும் சிறு துறைமுகப்பட்டினம் ஒன்று உளது. 1284-ஆம் ஆண்டில் முதலாம் எட்வர்டு மன்னர் அதற்குச் சாசனம் அளித்தமையால், அரசனுக்குரியது எனப் பொருள்படும் ரீஜிஸ் என்ற அடைமொழி வாய்ந்தது. காப் என வழங்கும் வளைந்த கற்சுவர் அதன் துறைமுகத்தை நெடுங்காலமாய்க் காத்து நிற்கிறது. 1685-இல் அரசுரிமை வேண்டிய மான்மத் பிரபு சிறு படையுடன் வந்திறங்கியதும் அக்கரையிலேயாம். எனினும், அந்நகரின் பெயரை உலகறியச் செய்தவர் மன்னருமல்லர், பிரபுவுமல்லர். தச்சர் ஒருவரின் மகளாய்ப் பிறந்த ஏழைப் பெண்மணியே. அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

முதற்கண், அவ்வூர் மலைச்சரிவுகளின் இயல்பை அறிதல் வேண்டும். சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் மாறி மாறி அடுக்கிய கரைமேடுகள் அவை. குளிர்காலத்தில் மழையும் அலையும் மோத, அவை அடிக்கடி சரிந்து விழும். அப்பொழுது, ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகட்கு முன் அங்கிருந்த கடலில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் கல்லாய்ச் சமைந்த உடல்கள் வெளிப்படும். நம் நாட்டிற் சாளக்கிராமம் எனப் போற்றப்படும் கல்லின் இனத்தைச் சார்ந்த சுருட்கற்கள் அங்கே மிகுதி. அடுத்த அலை வாரிச் செல்லுமுன் எடுத்தால் உண்டு, இன்றேல் இல்லை.

இத்தகைய ஊரில் மேரி 1799-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆந் தேதி பிறந்தார். தந்தையார் ரிச்சர்டு, தச்சுத்தொழிலோடு இக்கற்களைப் பொறுக்கிக் கடற்காற்று வாங்க வரும் செல்வர்க்கு விற்று வந்தார். 1810-இல் அவர் கடனை வைத்து இறக்கவே, குடும்பம் வறுமையில் ஆழ்ந்தது. ஓய்வுநாட் பள்ளியிற் கற்ற எழுத்தறிவன்றி வேறு கல்வி மேரிக்கு வாய்த்திலது, மலைச்சரிவே பள்ளியாயிற்று.

1811-இல் தமையன் ஜோஸப் பெரியதொரு விலங்கின் தலையெலும்பைக் கண்டெடுத்தார். மறு ஆண்டில் மேரி அதன் உடலெலும்புகளைக் கண்டார். மீனும் பல்லியும் கலந்தாற்போன்ற அவ்விலங்கு பின்னர் இக்தியோஸார் எனப் பெயர் பெற்றது. அது 23 பவுனுக்கு விலைபோயிற்று. 1823-இல் நீண்ட கழுத்துடைய பிளீஸியோஸார் ஒன்றை முழுவுருவாக அவர் அகழ்ந்தெடுத்தார். அக்கழுத்தின் நீளங்கண்டு பிரெஞ்சுப் பேரறிஞர் கூவியர் முதலில் ஐயுற்றார். ஆராய்ந்தபின் உண்மையென ஒப்பினார். 1828-இல் பறக்கும் பல்லியினத்து எலும்புகளும் கிடைத்தன.

அம்மையார் வெறும் பொறுக்குநர் அல்லர். அறிஞர் கட்டுரைகளை இரவல் வாங்கிப் படங்களோடு கையாற் பெயர்த்தெழுதுவார்; மீன்களை அறுத்து உறுப்புக்களை ஆராய்வார். விலங்குகளின் வயிற்றுப்புறத்துக் காணப்பட்ட உருண்டைக் கற்களை உடைத்து, உள்ளே மீனெலும்பும் செதிளும் இருத்தலை நோக்கினார். அவை கல்லான மலமே என்று வில்லியம் பக்லண்டு நிறுவுதற்கு இது துணையாயிற்று.

ஆயினும், லண்டன் பூகர்ப்ப சாஸ்திர சங்கத்தில் பெண்டிர்க்கு அக்காலத்தில் இடமில்லை. 1824-இல் பிளீஸியோஸாரைப் பற்றி அங்கே கானிபேர் என்பவர் விரித்துரைத்தபோது, கண்டெடுத்தவர் பெயரை உரைத்தாரில்லை. பிறர் புகழெய்தினர்; அம்மையாரோ மீண்டும் மலையடிவாரம் சென்றார். 1833-இல் மண் சரிந்து, உடன் சென்ற டிரே என்னும் நாய் அவர் காலடியிலேயே புதையுண்டு மாண்டது. நொடிப்பொழுதில் அவர் உயிர் தப்பிற்று. அதன் பின்னும் அவர் தொழிலை விட்டாரல்லர். பிற்காலத்தில் பக்லண்டின் முயற்சியால் ஆண்டுக்கு 25 பவுன் உதவித்தொகை கிடைத்தது. மார்பகப் புற்றுநோயால் 1847-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 9-ஆந் தேதி இயற்கை எய்தினார்.

சங்கத்தாரின் உதவியால் 1850-இல் அவ்வூர்த் தேவாலயத்தில் அவர் நினைவாக வண்ணக் கண்ணாடிச் சாளரம் அமைந்தது. அச்சங்கம் பெண்டிரை உறுப்பினராக ஏற்றதோ 1919-இல்தான். 2022-இல் நாயோடு கூடிய அவருடைய உருவச்சிலை ஊர்க்கரையில் நிறுவப்பெற்றது.

காட்சிச்சாலையில் அரும்பொருளொன்றைக் காணுங்கால், அதனை வழங்கிய செல்வர் பெயரைப் பலகையிற் படிக்கிறோம். மண்ணையும் அலையையும் எதிர்த்து அதனை எடுத்த கை எவருடையது என்று வினவுதலும் கற்றோர் கடமையென்று நாம் கருதுகிறோம். மேரி ஆன்னிங் அம்மையாரின் வரலாறு நம் மாணாக்கர்க்கு உணர்த்துவது இதுவேயாம்.