நாவலரும் கதை சொல்லும் நெறியும்

நல்லூர் ஆறுமுக நாவலரை வசன நடைக்காகப் போற்றுவோர் பலர். கதையை எவ்வாறு சொல்லவேண்டும் என்பது பற்றி அவர் கொண்ட கருத்து படிப்படியாக வளர்ந்தமையை நோக்கினோர் சிலரே.

1822ஆம் ஆண்டு பிறந்த நாவலரின் தந்தையார் கந்தர் நாடகம் பாடியவர். அவர் குறையாக விட்டுச்சென்ற நாடகமொன்றை ஒன்பது வயதில் மைந்தர் நிறைவு செய்தார் என்று சரித்திரகாரர் கூறுவர். பாடியும் ஆடியும் கதை சொல்லும் அந்நெறியிலேயே அவர் நின்றிருத்தல் கூடும், நின்றிலர். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பாடசாலையில் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாகி விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் ஈடுபட்டார். அயல்நாட்டுக் கதையைத் தமிழறிந்தார் எவர்க்கும் விளங்கச் சொல்லும் அப்பயிற்சியே பின்னர் நாயன்மார் கதைக்கு உதவியது என்பது என் துணிபு.

1847 டிசம்பர் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் தொடங்கினார். ஒருவர் செய்யுளை வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லும் புராணபடனம் நம்மவர்க்குப் பழக்கமானது. அங்கே செய்யுள் முன்செல்ல உரை பின்தொடரும். பிரசங்கத்திலோ உரையே முன் நின்றது.

1852இல் வெளிவந்த பெரியபுராண வசனம் அதன் அடுத்த படி. சேக்கிழாரின் நாலாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்கள் வழக்கிலுள்ள எளிய சொற்களில், பெரும்பாலும் சந்தி பிரித்து, வசனமாயின. கற்றவர் வாசிக்க, எழுத்தறியாதார் அருகிருந்து கேட்டு உணர்தல் வேண்டும் என்பதே நோக்கம். வாசிப்பவனுடைய மூச்சுக்கும் கேட்பவனுடைய செவிக்கும் ஏற்றவாறு நிறுத்தக்குறிகளை இட்டு எழுதினார். இதனைச் சிறு காரியமாகக் கருதுவோர் அவ்வசனத்தை ஒருமுறை உரக்க வாசித்துப் பார்ப்பாராக.

ஆனால் கதை விளங்கிவிட்டால் பொருளும் விளங்கிவிடுமா? மனைவியை அடியார்க்கு ஈந்த இயற்பகையார், மகனை அரிந்து கறி சமைத்த சிறுத்தொண்டர் ஆகியோர் வரலாறுகளை நிகழ்ச்சியளவில் மட்டும் சொன்னால் கேட்போன் திடுக்குறுவான். பாட்டின் ஓசையும் பத்திச்சுவையும் அந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொண்டன. வசனமோ நிகழ்ச்சியைத் தெள்ளத்தெளியக் காட்டிவிட்டது. சைவபுராணங்களைப் பழித்துத் துண்டுப்பிரசுரம் எழுதிய பாதிரிமார்க்கும் இத்தகைய கதைகளே வாய்ப்பாயின. தெளிவாகச் சொல்வதே இடராகவும் முடியலாம் என்பதை நாவலரைவிட நன்கு அறிந்தார் யார்?

ஆகவே பிற்காலத்தில் சூசனம் எழுதலானார். அதில் கதை சொல்லுதல் நோக்கமன்று. ஒவ்வொரு சரித்திரத்தும் அடியார் செய்த செயல் எந்த நிலையில் நின்று செய்யப்பட்டது, அதனால் துணியப்படும் சைவ உண்மை யாது என்பனவே ஆராயப்படுகின்றன. நாடகத்தில் தொடங்கியவர் கதையை விட்டு அதன் காரணத்துக்கு வந்து சேர்ந்தார்.

இதனால் கதைச்சுவை குன்றிற்று என்பர் நவீன விமரிசகர். குன்றியது உண்மையே. என் மாணாக்கரும் வசனத்தை விரும்பி வாசிப்பர். சூசனத்தை எடுத்தால் சோர்வர். எனினும் இயற்பகையார் வகுப்பில் வரும்போது எழும் வினாக்களுக்கு வசனத்தில் விடை இல்லை. அப்போது சூசனத்தையே நான் நாடுகிறேன்.

1879 டிசம்பர் 5ஆம் நாள் நாவலர் மறைந்தார். சூசனம் முற்றுப்பெறவில்லை.