சேர் ஜேம்ஸ் மக்கென்சி: இதயத்தை ஏட்டில் எழுதியவர்

ஸ்கொட்லாந்து நாட்டின் ஸ்கூன் என்னும் ஊரில், ஓர் உழவர் குடும்பத்தில் 1853ஆம் ஆண்டு பிறந்தவர் ஜேம்ஸ் மக்கென்சி. இளமையிலேயே பள்ளியை விட்டு மருந்துக் கடையொன்றில் தொழில் பழகினார். பின்னரே எடின்பரோவில் வைத்தியம் கற்று 1878இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு, நெசவாலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நிறைந்த பேர்ன்லி என்னும் ஆங்கில நகரிலே குடும்ப வைத்தியராக அமர்ந்தார்.

அங்கே, அவரது கவனிப்பில் இருந்த இதய நோயுடைய இளம்பெண் ஒருத்தி பிரசவ வேளையில் இறந்தாள். அம்முடிவை முன்னரே அறிந்திருக்க இயலாதா என்னும் வினா அவரை விடவில்லை. நூல்களைப் புரட்டினார், விடை கிடைக்கவில்லை. எந்த நாடிக்குறி ஆபத்தானது, எது தீங்கற்றது என்பதை அறிவதற்கு, ஒரே நோயாளியைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து எழுதி வைத்தல் வேண்டும் எனக் கண்டார். பெரிய மருத்துவமனை நிபுணரிடம் நோயாளி சில வாரங்களே தங்குவார். குடும்ப வைத்தியரிடமோ அதே மனிதர் ஆயுள் முழுதும் வருவார். சிற்றூர் வைத்தியரின் குறையெனப் பலர் எண்ணியதே அவருக்குப் பெரும் பேறாயிற்று.

கடிகாரத் தொழிலாளர் ஒருவரின் துணையுடன் 'பொலிகிராப்' என்னும் கருவியைச் செம்மைப்படுத்தினார். மணிக்கட்டின் நாடியையும் கழுத்து நாளத்தின் துடிப்பையும் அது ஒரே தாளில் வரைந்தது. அத்தாள்களைச் சேர்த்து வைத்து, ஆண்டுகள் கழிந்தபின் அந்நோயாளிகள் என்னவாயினர் என ஒப்பிட்டார். இடையிடையே தோன்றும் மிகைத்துடிப்பு பலரில் எத்தீங்கும் செய்யவில்லை. பிள்ளைகளே, மணிக்கட்டில் விரல் வைத்து ஆழ்ந்து மூச்சு விட்டுப் பாருங்கள். மூச்சுடன் துடிப்பு விரைந்தும் தளர்ந்தும் வரக்கூடும். அது இளமையின் இயல்பே என அவர் நிறுவினார். அதுவரை அத்தகைய சிறுவர் பலர் விளையாட்டும் மறுக்கப்பட்டுப் படுக்கையில் கிடத்தப்பட்டனர்!

வேறொருவகை ஒழுங்கின்மையில், கழுத்து நாளத்தில் காணவேண்டிய மேலறையின் அலை மறைந்திருக்கக் கண்டார். அதற்கு அவர் கூறிய காரணம் சரியன்று. மேலறை நடுங்குதலே காரணம் என்பதைப் பின்னர் தோமஸ் லூயிஸ் மின்பதிவினால் காட்டினார். எனினும் அத்தகையோர்க்கு டிஜிற்றாலிஸ் மருந்து நன்கு பயன்படுவதை எடுத்துரைத்தவர் மக்கென்சியே.

1907இல் இலண்டன் சென்று பெரும்புகழ் பெற்றார். 1915இல் சேர் பட்டமும் கிடைத்தது. ஆயினும் அப்புகழில் அவர் தங்கிவிடவில்லை. 1919இல் சென் அன்றூஸ் நகரில் ஆய்வு நிலையமொன்றை நிறுவி, மக்களின் சிறு சுகவீனங்களையும் உள்ளூர் வைத்தியர்கள் தொடர்ந்து பதிந்துவர வழிசெய்தார்.

இவ்வேளை அவருடைய இதயமே நலிந்திருந்தது. தம் நெஞ்சுவலியையும் பிறர் நோயைப் போலவே குறித்து வைத்தார். 1925இல் மறைந்தபோது, அவர் விருப்பப்படியே அவ்விதயம் ஆராயப்பட்டது. அதன் நாடிகள் ஒடுங்கியிருந்தன. தசையில் பழைய வடுக்களும் இருந்தன.