அன்று வாங்க ஆளில்லை... பிறகு ஏலத்தில் 55 லட்சம் பவுண்ட்! யார் இந்த எட்டோரே புகாட்டி?

பழைய சொகுசு கார் ஒன்று ஏலத்துக்கு வந்தால், நிபுணர்கள் அதன் பளபளப்பில் மயங்குவதில்லை. சேஸிஸ் எண், எஞ்சின் எண், பாடி எல்லாம் முதலில் பூட்டியபடியே இருக்கா, இடையில் யார் யார் கைக்குப் போச்சு என்றுதான் தோண்டுவார்கள். அது ஏன் என்பதற்கு எட்டோரே புகாட்டியின் வாழ்க்கையே பதில்.

கலைக் குடும்பத்துப் பிள்ளை

1881-ல் இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தவர் எட்டோரே. அப்பா கார்லோ மரச்சாமான் வடிவமைப்பில் பேர் போனவர். தம்பி ரெம்ப்ராண்ட் விலங்குச் சிற்பங்களில் கைதேர்ந்தவர். எட்டோரேவுக்கோ இயந்திரம்தான் உலகம். 1909-ல் அல்சாஸ் பகுதியில் உள்ள மோல்ஷைமில் கார் தொழிற்சாலை தொடங்கினார். ரேஸ்களில் அவர் கார்கள் வெற்றி மேல் வெற்றி குவித்தன.

ராஜாக்களுக்கு ஒரு கார்

அடுத்து அவர் கையில் எடுத்ததுதான் 'ராயல்'. சுமார் 12.7 லிட்டர் எஞ்சின், 6 மீட்டரைத் தாண்டும் நீளம். ரேடியேட்டர் மூடியில் நின்றது, 1916-ல் இறந்துபோன தம்பி வடித்த யானை. அரச குடும்பங்களை நம்பி 25 கார்கள் செய்யத் திட்டமிட்டார். ஆனால் உலகப் பொருளாதாரமே சரிந்தது. செய்தது ஆறு, விற்றது மூன்றுதான். வாங்கிய மூவரில் ஒருவர்கூட ராஜா இல்லை! மிஞ்சிய எஞ்சின்களை ரயில் பெட்டிகளில் பொருத்தி நஷ்டத்தைச் சமாளித்தார்.

மகனின் கைவண்ணம்

முதலில் விற்ற ராயலுக்கு பாடி வடிவமைத்தவர் மூத்த மகன் ஜான். ஹெட்லைட்டே இல்லாத, திறந்த இருக்கை கார் அது. பின்னர் வந்த உரிமையாளர் அந்த பாடியைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டினார். 1939-ல் ரேஸ் கார் ஒன்றைச் சோதித்து ஓட்டியபோது விபத்தில் ஜான் இறந்தார். வயது 30.

அந்த கார் போலவே பிற்காலத்தில் செய்த நகல் ஒன்று பிரான்சின் முலூஸ் நகர மியூசியத்தில் நிற்கிறது. பார்க்க அச்சு அசல்தான். ஆனாலும் ஆறு ராயல்களின் கணக்கில் அது சேராது. அசலான சேஸிஸும் எஞ்சினும் இன்னும் இருக்கின்றன. ஜான் வடிவமைத்த பாடிதான் போய்விட்டது. நிபுணர்கள் 'ஒரிஜினாலிட்டி' என்று தேடுவது இதைத்தான்.

ஏலத்தில் வந்த மரியாதை

போரில் தொழிற்சாலையும் கைவிட்டுப் போனது. அதை மீட்கப் போராடிய எட்டோரே, 1947 ஆகஸ்ட் 21-ல் பாரிஸில் காலமானார்.

விற்காமல் குடும்பத்திடமே தங்கிவிட்ட ராயல்களில் ஒன்று, கெல்னர் நிறுவனம் பாடி கட்டியது. 1950-ல் அதை அமெரிக்க ரேஸ் வீரர் பிரிக்ஸ் கன்னிங்ஹாம் வாங்கினார். 1987-ல் லண்டனில் கிறிஸ்டிஸ் நடத்திய ஏலத்தில் அது 55 லட்சம் பவுண்டுக்குப் போனது. கார் ஏலத்தில் அன்றைக்கு அதுதான் உலக சாதனை.

அன்று அதை யாரும் வாங்காததால்தான் பெரிதாகக் கை மாறவும் இல்லை, உருமாறவும் இல்லை. எட்டோரேவுக்கு நஷ்டமாக நின்ற கார், அதனாலேயே பொக்கிஷமானது. பார்க்கத்தான் அவர் இல்லை.