மேரி கியூரி அம்மையாரும் செய்தித்தாள்களும்

இருமுறை நோபல் பரிசு பெற்ற மேரி கியூரி அம்மையாரை நாம் பள்ளிப் பருவத்திலேயே அறிந்துகொள்கிறோம். ரேடியத்தையும் பொலோனியத்தையும் கண்டறிந்தவர் என்னும் அளவில் அவ்வறிமுகம் நின்றுவிடுகிறது. அப்புகழ் அவர்தம் இல்லத்துக்குள் நுழைந்து என்ன செய்தது என்பதைப் பாடநூல்கள் பேசுவதில்லை.

1867ஆம் ஆண்டு வார்சா நகரில் பிறந்த மேரி, 1891இல் பாரிசு சென்று பயின்று, 1895இல் பியரி கியூரியை மணந்தார். 1903ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு இவ்விருவருக்கும் ஹென்றி பெக்கெரலுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. தொல்லையும் அன்றே தொடங்கிற்று. ஆய்வு நடந்த ஒழுகற் கொட்டகையையும் வீட்டையும் நிருபர்கள் முற்றுகையிட்டனர். ஆறு வயது மகள் ஐரீன் தன் செவிலித்தாயுடன் பேசிய பேச்சும், வீட்டிலிருந்த கருப்பு வெள்ளைப் பூனையுங்கூட அச்சேறின. ஆய்வுக்கு வேண்டிய அமைதி பறிபோனதே என்று பியரி நண்பர்க்கு எழுதி வருந்தினார்.

1906 ஏப்ரல் 19 அன்று குதிரை வண்டியில் சிக்கிப் பியரி மாண்டார். அவருடைய பணியிடத்தில் சோர்போனின் முதல் பெண் ஆசிரியராக அம்மையார் நியமனம் பெற்றார். கைம்பெண் மேடையில் கண்ணீர் விடுவாளா என்று காண வந்த கூட்டம் அரங்கை நிறைத்தது. அவரோ கணவர் விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கினார்.

பெருஞ்சோதனை 1911இல் வந்தது. பியரியின் மாணவரான இயற்பியல் அறிஞர் பால் லான்ஜவானோடு அம்மையாருக்கு நெருக்கம் ஏற்பட்டிருந்தது. லான்ஜவான் மணமானவர், நான்கு மக்களின் தந்தை, மனைவியோடு பிணக்குற்றிருந்தவர். அவ்வுறவு தக்கதே என வாதிடுவது என் நோக்கமன்று. அந்த மனைவியின் மனக்குறையும் மெய்யானதே. ஆயினும், பிறர் குறையைத் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் திருமறை விலக்கியிருப்பதை அறிந்த நமக்கு, அடுத்து நடந்தவை அதிர்ச்சி அளிக்கும்.

பிரஸ்ஸல்ஸ் நகரில் சால்வே மாநாடு முடிந்த மறுநாள், நவம்பர் 4 அன்று பாரிசு நாளேடொன்று இச்செய்தியை முதற்பக்கத்தில் வெளியிட்டது. சில நாட்களில் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்கென அறிவிக்கப்பட்டது. எனினும் ஏடுகளின் கவனம் பரிசில் நிலைக்கவில்லை. நவம்பர் 23 அன்று தனிக் கடிதங்களின் பகுதிகளே அச்சாயின. சோ என்னும் ஊரில் இருந்த அவர் வீட்டின்முன் கூட்டம் திரண்டது. அயல்நாட்டவள் என்று ஏசினர், கல்லும் வீசினர். அவர் மக்கள் இருவரும் சிறுமியர்: ஐரீனுக்கு 14 வயது, ஈவுக்கு இன்னும் ஏழு நிறையவில்லை. நண்பர்கள் தாயையும் மக்களையும் அழைத்துச் சென்று, கணித அறிஞர் எமில் போரெலின் இல்லத்தில் தங்கவைத்தனர். அடைக்கலம் தந்ததற்காகப் போரெலின் பதவிக்கே மிரட்டல் வந்தது!

பரிசு பெற நேரில் வரவேண்டாம் என ஸ்வீடன் அறிஞர் அர்ரேனியஸ் எழுதினார். பரிசு கண்டுபிடிப்புக்கு உரியது, தம் தனிவாழ்வுக்கு உரியதன்று என்று அம்மையார் விடையெழுதினார். ஐரீனையும் தமக்கை புரோனியாவையும் உடன் அழைத்துக்கொண்டு ஸ்டாக்ஹோம் சென்று உரையாற்றினார். திரும்பியதும் நோயில் வீழ்ந்தார். 1912இல் சிறுநீரக அறுவை சிகிச்சை நடந்தது. பின்னர் இங்கிலாந்தில், தம் பெயரை மறைத்து மக்களோடு ஒதுங்கி வாழ்ந்தார்.

முதல் உலகப் போரில் ஊர்தியில் ஊடுகதிர்க் கருவியேற்றிக் காயமுற்ற வீரர்க்கு ஊழியம் புரிந்தபோது, பழித்த ஏடுகள் மறந்துவிட்டன. 1921இல் அமெரிக்கா அவருக்கு ஒரு கிராம் ரேடியம் வழங்கியது. பழங்கதையை அங்குள்ள ஏடுகள் கிளறாதபடி, அப்பயணத்தை ஏற்பாடு செய்த பத்திரிகையாசிரியை மெலனி முன்கூட்டியே பார்த்துக்கொண்டார்.

அம்மையார் 1934 ஜூலை 4 அன்று மறைந்தார். மூன்றாண்டு கழித்து ஈவ் எழுதிய தாயின் வரலாறு உலகப் புகழ் பெற்றது. அந்நூல் 1911இன் துயரை, லான்ஜவானின் பெயரை அதனோடு சேர்க்காமல் சுருக்கமாகக் கடந்துசெல்கிறது. ஈவ் பின்னர்த் தாமே செய்தியாளராகி, இரண்டாம் உலகப் போரின் களங்களுக்குச் சென்று எழுதினார். ஐரீனின் மகள் எலேன் லான்ஜவானின் பேரனையே மணந்தார். நாளேடுகள் முன்னொருகால் பழித்து இணைத்த இரு பெயர்களும் அத்திருமணத்தால் ஒரே குடும்பத்தின் பெயர்களாயின.