புகையை வேலைக்கு வைத்தவர்

நம் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் 'டர்போ' என்று பின்னால் எழுதிய சின்ன கார்கள் இப்போது நிறைய நிற்கின்றன. மூன்று சிலிண்டர், 1 லிட்டர் என்ஜின்தான், ஆனால் 100 குதிரைத்திறன் வரை தருகிறது. இதற்கு வழி சொன்னவர் ஆல்ஃபிரட் பியூக்கி என்ற சுவிட்சர்லாந்துக்காரர்.

1879-ல் விண்டர்தூர் என்ற ஊரில் பிறந்தார். தந்தை அவ்வூர் சுல்சர் கம்பெனியில் உயர் பதவியில் இருந்தவர். (கோவைப் பக்கத்தவர்களுக்கு சுல்சர் தறி தெரிந்திருக்கும். அதே கம்பெனிதான்.) ஜூரிச் நகரில் பொறியியல் படித்து 1903-ல் பட்டம் பெற்றார்.

எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியே வெளியே போகிறது என்பது அவர் மனதை உறுத்தியது. எங்கள் வங்கி பாஷையில் சொன்னால் வாராக்கடன். எல்லோரும் தள்ளுபடி செய்து எழுதிவிட்டதை அவர் வசூலிக்கப் பார்த்தார். வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அது இன்னொரு சக்கரத்தைச் சுழற்றி, வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும். காற்று அதிகமானால் எரிபொருளையும் அதிகம் எரிக்கலாம். அதே அளவு என்ஜினில் கூடுதல் திறன் கிடைக்கும். 1905-ல் இதற்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

அப்புறம்தான் சோதனை. சுல்சரில் சேர்ந்து அவர் செய்த மாதிரி என்ஜின் 1915-ல் சரியாக ஓடவில்லை. தேவையான காற்றழுத்தம் நிலைத்து நிற்கவில்லை. வேறு ஒருவராக இருந்தால் கோப்பை மூடியிருப்பார். இவர் மேலும் பத்து வருஷம் அதையே கட்டிக்கொண்டு உழைத்தார்.

1925-ல் விடை கிடைத்தது. எல்லாச் சிலிண்டர்களின் புகையையும் ஒரே குழாயில் கலக்காமல் தனித்தனிக் குழாய்களில் பிரித்து, ஒவ்வொரு முறையும் வரும் துடிப்பின் வேகத்தோடே சக்கரத்தில் மோதவிட்டார். திறன் 40 சதவீதத்துக்கு மேல் கூடியது. 'பிராய்சன்', 'ஹான்செஸ்டாட் டான்சிக்' என்ற இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களில், 1,750 குதிரைத்திறன் என்ஜின்கள் 2,500 தந்தன.

கப்பலுக்கும் ரயிலுக்கும் லாரிக்கும் போன பிறகே இது காருக்கு வந்தது. 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர், செவ்ரோலே கார்வேர் என்ற இரண்டு கார்கள் டர்போவோடு விற்பனைக்கு வந்தன. ஜெட்ஃபயருக்குத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனியாக ஊற்ற வேண்டும். வாங்கியவர்கள் அதை ஊற்ற மறந்தார்கள், காரும் இரண்டே வருஷத்தில் நின்றுபோனது.

பியூக்கி இதையெல்லாம் பார்க்கவில்லை. 1959-லேயே, தன் எண்பதாவது வயதில், விண்டர்தூரில் காலமாகிவிட்டார்.